உதிர மறுக்கும் கலங்கள்

வன்னியில் ஒருவருக்குச் செங்கமாரி என்றால் முதலில் தேடுவது கீழ்க்காய்நெல்லியைத்தான். மாரி மழைக்குப் பிறகு வளவு ஓரமெல்லாம் தானாக முளைத்து நிற்கும். இலையைப் புரட்டினால் அடியில் கடுகு மணிபோலக் காய்கள் வரிசையாகத் தெரியும். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து மோரில் கரைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் கேட்கிறார்கள்: ஈரலில் புற்றுநோய் வந்தாலும் மூலிகை கேட்குமா?

இதற்குப் பதில் சொல்ல, உடலின் ஒரு கலம் (செல்) எப்படிச் சாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1960களில் ஜோன் கேர் என்ற ஆய்வாளர் எலியின் ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாயொன்றைக் கட்டிவிட்டுப் பார்த்தார். சில கலங்கள் வீங்கி வெடிக்கவில்லை. அமைதியாகச் சுருங்கி, சிறு உருண்டைகளாகப் பிரிந்து, அயற்கலங்களுக்கு இரையாகின. 1972இல் அவரும் இரு சகாக்களும் இதற்கு 'அப்பொப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மாசியில் வேம்பு இலை கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் தழைக்கத்தான் இலை விழுகிறது.

இனி இரணைமடுக் குளத்துத் துருசை, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகை, நினைத்துக்கொள்ளுங்கள். கலத்துக்குச் சக்தி தரும் சிற்றுறுப்பான இழைமணிதான் (மைற்றோகொண்டிரியா) குளம். 'பிசிஎல்-2' என்ற புரதம் துருசை மூடி வைத்திருக்கும். 'பக்ஸ்' என்ற புரதம் திறக்கும். திறந்தால் 'சைற்றோகுரோம் சி' வெளியே பாயும். அது கஸ்பேஸ்-9 நொதியத்தை எழுப்ப, அது கஸ்பேஸ்-3ஐ எழுப்பும், பெரிய வாய்க்காலிலிருந்து சின்ன வாய்க்காலுக்குத் தண்ணீர் போவதுபோல. பிறகு டி.என்.ஏ. துண்டு துண்டாக வெட்டப்படும்.

புற்றுக்கலத்தில் பெரும்பாலும் இந்தத் துருசு இறுகிக் கிடக்கிறது. திறக்கச் சொல்லும் 'பி53' புரதமே சில வேளை பழுதாகிவிடுகிறது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் அஃப்ளாரொக்சின் நஞ்சு, அந்தப் புரதத்துக்கான மரபணுவையே மாற்றக்கூடியது. கசந்த கச்சானைத் துப்பிவிடுங்கள்.

மஞ்சளின் குர்குமின், நிலவேம்பின் அன்ரோகிரபோலைட், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன் ஆகியவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்த ஈரற் புற்றுக்கலங்கள்மீது இட்டால் பிசிஎல்-2 குறைகிறது, பக்ஸ் கூடுகிறது, துருசு திறக்கிறது. கலம் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொள்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

ஆனால் அது கண்ணாடித் தட்டில் நடந்தது. விழுங்கிய குர்குமினைக் குடற்சுவரும் ஈரலும் உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் உறிஞ்சல் 20 மடங்கு கூடியதாக 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் நோயுற்ற ஈரலுக்கு அந்தக் கூடுதலே சுமையாகலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்த சம்பவங்கள் 2019இல் இத்தாலியில் பதிவாகின. கறியில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர் கசாயமோ மாத்திரையோ குடித்தால், அதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. கோயில் வீதியில் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவிலிருந்துதான் வின்கிறிஸ்ரின் வந்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த இலையை அரைத்துக் குடிக்கக்கூடாது, அது நஞ்சு. பெருந்தொகை இலையிலிருந்து பிரித்தெடுத்த சிறு துளியை மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தில் ஏற்றுகிறார்கள். ஈரல் புற்றுநோய்க்குக் கீழ்க்காய்நெல்லி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.