பிதுக்கம்பருப்பும் அம்மாவின் வலது கையும்

கார்த்திகைக் கடைசியில் அம்மாவுக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு கொஞ்சம் குழறியது. உயிருக்குப் பயமில்லை என்று ஆனதும் தருமபுரியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மாத்திரைக்கு நர்ஸ், பயிற்சிக்கு பிசியோ என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "அம்மா மனசு விட்டுடாம பாத்துக்கங்க."

ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, மனசு விட்டுப்போனால் கை திரும்புவதும் தள்ளிப்போகும். அதற்கான காரணம் மூளைக்குள்ளேயே இருக்கிறது.

மூளையின் இடது பக்கம் ரத்தம் தடைபட்டால் வலது கை விழுகிறது. செத்த நரம்பணுக்கள் பிழைத்து வருவதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதி அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி ரண்டால்ஃப் நூடோவின் குழு 1996இல் அணில் குரங்குகளிடம் இதைப் பார்த்தது. கையை இயக்கும் இடத்தில் சிறு சேதம் உண்டாக்கி, குட்டிக் குழிகளிலிருந்து தீனியை விரலால் எடுக்கப் பழக்கினார்கள். பழகிய குரங்குகளின் மூளையில் கைக்கான இடம் தப்பியது. சிலவற்றுக்கு முழங்கை, தோள்பட்டைக்குரிய இடத்துக்குள்ளும் பரவியது. சும்மா விட்ட குரங்குகளுக்கோ சேதமாகாத ஓரத்திலும் அந்த இடம் சுருங்கிப்போனது.

எத்தனை தடவை பழக வேண்டும்? விலங்குப் பரிசோதனைகளில் ஒரே நாளில் 400, 600 தடவை செய்யவைக்கிறார்கள். மனிதர்களுக்கான பயிற்சி நேரத்தில் கை ஒரு வேலைக்காக எத்தனை தடவை அசைகிறது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள், சராசரி 32. பிசியோ எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும் அவரிடம் இருப்பது ஒரு மணி நேரம். மீதியெல்லாம் நோயாளி தானாகக் கட்டிலில் உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. அவர் "விடு, போதும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்?

அம்மா அப்படித்தான் படுத்தார். வலது கையால் டம்ளரைப் பிடிக்கப் பார்ப்பார், நழுவும், இடது கைக்கு மாற்றிவிடுவார். இப்படி நாலு நாள் தோற்றால், ஓரளவு அசையக்கூடிய கையைக்கூட மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைப் 'பழகிப்போன பயன்படுத்தாமை' என்றார். நாம் பாசத்தில் ஓடிப்போய் ஊட்டிவிடும்போது அதற்கு நாமே துணை போகிறோம். எனக்கு இது தெரிந்த அன்று ரொம்ப வருத்தமாக இருந்தது.

இன்னொன்று தனிமை. மெல்போர்னில் வாதம் வந்து இரண்டு வாரத்துக்குள் இருந்த நோயாளிகளைப் பகல் முழுக்கக் கவனித்து 2004இல் எழுதினார்கள். பாதி நேரத்துக்கு மேல் படுக்கை. 60 சதவீதத்துக்கும் மேலான நேரம் பக்கத்தில் யாருமே இல்லை. எங்கள் ஊரில் பார்க்க வருபவர்களுக்குக் குறைவில்லை என்றாலும், வந்தவர்கள் "எப்படி இருந்தவ, இப்படி ஆயிட்டியே" என்று கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். அம்மாவும் அழுவார்.

அந்த அழுகையில் ஒரு விஷயம் உண்டு. ஓசூரிலிருந்து அண்ணன் வந்தபோது அழுதவர், காபி டம்ளரைப் பார்த்தும் அழுதார். ஒரே நிமிடத்தில் நின்றது. அழுகைக்கும் சிரிப்புக்கும் மூளையில் இருக்கும் பிடிமானம் வாதத்தில் தளர்ந்துபோவதால் வருவது இது, உள்ளே அந்த அளவுக்குத் துக்கம் இல்லாவிட்டாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். கூட்டமாகத் தேற்றாமல் பேச்சை மாற்றினால் சீக்கிரம் அடங்குகிறது. மனச்சோர்வு வேறு. வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது வருகிறது. சாப்பாடு, தூக்கம், ஆட்கள் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது கோழைத்தனம் இல்லை. மருந்தும் சிகிச்சையும் இருக்கிற நோய்.

பாட்டுக்கும் இடம் இருக்கிறது. ஃபின்லாந்தில் 60 நோயாளிகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், தினமும் தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, ஞாபகமும் கவனமும் நன்றாகத் தேறின.

சரி, கைக்கு என்ன வழி? எதிர்பாராமல் ஒன்று கைகூடும்போது மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. இப்போது செய்த அசைவு சரி, இதை வைத்துக்கொள் என்று அது நரம்புகளுக்குப் பதியவைக்கிறது. "சீக்கிரம் சரியாயிடும்மா" என்றால் எதுவும் பதியாது. கண்ணெதிரே உண்மையாகவே ஒன்று நடக்க வேண்டும், சின்னதாக இருந்தாலும்.

அப்போது மார்கழி, மொச்சைக் காலம். ராத்திரி ஊறவைத்த மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் தனியாக வழன்று பருப்பு வெளியே துள்ளும். பிதுக்கம்பருப்பு. ஐம்பது வருஷமாக அம்மா கையில் இருந்த வேலை. பிசியோவிடம் கேட்டேன். "நான் சொல்லிக்கொடுக்கிற பிடியே அதுதான், தாராளமா செய்யச் சொல்லுங்க, வாயில மட்டும் போட்டுக்க விடாதீங்க" என்றார்.

ஒரு டப்பாவில் ஊறவைத்த மொச்சை ஒரு கைப்பிடி கொண்டுபோனேன். முதல் நாள் இடது கையால் எடுத்து வலது விரலிடுக்கில் வைத்தார். ஒவ்வொன்றாக நழுவிப் போர்வையில் விழுந்தது. நான் எடுத்துத் தரவில்லை, அதற்கு எனக்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது. நாலாம் நாள் தோல் கொஞ்சம் சுருங்கியது. ஒரு நோட்டில் தினமும் எண்ணிக்கையை எழுதி அம்மாவிடம் காட்டினேன். எட்டாம் நாள் ஒரு பருப்பு பிதுங்கி என் மடியில் வந்து விழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததைத் தானே எடுத்தார்.

அன்றைக்கு மொத்தம் 11. கிளம்பும்போது குழறலாகச் சொன்னார்: "இத வச்சு யாருக்குடி கொழம்பு காணும்? நாளைக்கு ஒரு படியா ஊறப்போடு."