தூரம் ஒன்றுதான், பயண நேரம் ஏன் இரண்டு?

லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். விமானம் ஒரே ரகம், தூரமும் அதே 5,500 கி.மீ. சொச்சம்தான்.

முதலில் தூரக் கணக்கைப் பார்த்துவிடலாம். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். டோக்கியோவையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் கோடு போட்டால் அது பசிபிக்கின் நடுவே போகும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் வடக்கே ஏறி அலாஸ்கா மேல் படியும். இதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் இடையே மிகக் குறுகிய வழி. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், பூமியின் மையத்தில் அவை எத்தனை பாகை விலகியிருக்கின்றன என்று கணக்கிட்டுவிடலாம். பாகைக்குச் சுமார் 111 கி.மீ. இந்த இரண்டு ஊருக்கும் 98 பாகை, அதாவது ஏறத்தாழ 10,900 கி.மீ. படத்துக் கோட்டைப் பிடித்துப் போனால் இன்னும் 1,900 கி.மீ. கூடும்.

சரி, நேரம் ஏன் மாறுகிறது? பூமி சுற்றுவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. உண்மையான காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் இதற்கு விசை, அதனால் குளிர்காலத்தில் வலுக்கிறது. ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓய்ஷி பலூன்கள் விட்டு இதை அளந்து 1926-இல் எஸ்பராண்டோ என்ற செயற்கை மொழியில் அறிக்கை வெளியிட்டார். அருமையான வேலை, வெளியுலகம் அன்று கவனிக்கவே இல்லை.

விமானத்துக்குத் தெரிவது தன்னைச் சுற்றியுள்ள காற்று மட்டுமே. அந்தக் காற்றே நகர்ந்தால் அதன் வேகமும் கூடவே சேரும். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல். ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகம்தான்.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் 5,500 கி.மீ., விமானத்தின் வேகம் 900, காற்றின் வேகம் 100. எதிர்க்காற்றில் 6 மணி 52 நிமிடம், பின்காற்றில் 5 மணி 30 நிமிடம். மொத்தம் 12 மணி 22 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 13 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நஷ்டம் ஈடாவதே இல்லை. அதனால்தான் அட்லாண்டிக் வான்தடங்களைக் காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள்.

அப்புறம் அரசியல். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரம் எடுத்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. பெருவட்டத் தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.