நீராற்பகுப்பு: பகுபடுவது உப்பா, நீரா?

உப்பு என்றாலே நடுநிலை என்ற எண்ணம் பள்ளியிலேயே ஊறிப்போய்விடுகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று படிக்கிறோம். ஒன்றின் குணத்தை மற்றொன்று தீர்த்துவிட்டது, கணக்கு நேர் என்று விட்டுவிடுகிறோம். மேல்நிலை வகுப்புக்குப் போனால் கணக்கு இடிக்கிறது. சலவை சோடா கரைத்த நீர் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குகிறது. படிகாரம் கரைத்த நீர் நீலத் தாளைச் சிவப்பாக்குகிறது. சோற்றுப்பு கரைத்த நீரில் இரண்டு தாளும் நிறம் மாறாமல் கிடக்கின்றன. மூன்றும் உப்புதான். இந்த வேறுபாட்டுக்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் 'உப்பு நீராற்பகுப்பு'.

சொல்லைப் பிரித்தால் நீர் + ஆல் + பகுப்பு. 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபு, எதனால் நடந்தது என்று காட்டுவது. பின்னால் வல்லினம் வருவதால் லகரம் றகரமாகத் திரிந்தது. பால் + குடம் பாற்குடம் ஆவதும் இப்படித்தான். ஆகவே பொருள், நீரால் பகுத்தல். அதாவது நீர் பகுக்கிறது, வேறு ஏதோ ஒன்று பகுபடுகிறது. மூலச்சொல் ஹைட்ரோலிசிஸ். கிரேக்கத்தில் ஹூடோர் என்றால் நீர், லூசிஸ் என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். 'அவிழ்ப்பு' என்று எடுத்திருந்தால் மூலத்துக்கு இன்னும் நெருங்கி வந்திருக்கும். ஆனால் மின்னாற்பகுப்பும் இதே அச்சில் வார்த்த சொல், இரண்டும் ஜோடியாக நிலைத்துவிட்டன. இனி மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

கரிம வேதியியலில் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். கரும்புச் சர்க்கரை நீராற்பகுப்பில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகிறது. சோற்றிலுள்ள மாவுப்பொருளை உமிழ்நீரின் அமைலேஸ் சிறு துண்டுகளாக்குவதும் நீராற்பகுப்புதான். வெட்டுப்பட்ட ஒரு பக்கத்தில் நீரின் ஹைட்ரஜனும் மறுபக்கத்தில் ஹைட்ராக்சில் பகுதியும் போய் ஒட்டிக்கொள்ளும். நீர் பகுக்கிறது, பெரிய மூலக்கூறு பகுபடுகிறது. பெயரும் வினையும் ஒன்றுபோல் இருக்கின்றன.

உப்பு விஷயத்தில்தான் சிக்கல். சோடியம் அசிட்டேட்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் படிகம் நீரில் விழுந்த உடனேயே சோடியம் அயனியாகவும் அசிட்டேட் அயனியாகவும், அதாவது மின்சுமையுள்ள துகள்களாக, பிரிந்துவிடும். இது வெறும் கரைதல், இதை யாரும் நீராற்பகுப்பு என்று சொல்வதில்லை. அதற்கப்புறம் நடப்பதுதான் நம் விஷயம். அசிட்டேட் அயனி பக்கத்திலிருக்கும் நீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, பிடுங்கிக்கொண்டு அசிட்டிக் அமிலமாகிறது. புரோட்டானை இழந்த நீர் ஹைட்ராக்சைடு அயனியாக நிற்கிறது. கரைசல் காரத்தன்மை அடைகிறது. இங்கே பகுபட்டது நீர், பகுத்தது உப்பிலிருந்து வந்த அயனி. சொல்லுக்குள் இருக்கும் 'ஆல்' தலைகீழாகிவிட்டது.

இந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பின்னணி உண்டு. 1880களில் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் அயனிக் கொள்கையை முன்வைத்த காலத்தில், அமிலம் என்றால் நீரில் ஹைட்ரஜன் அயனி தருவது, காரம் என்றால் ஹைட்ராக்சைடு அயனி தருவது. அசிட்டேட்டில் ஹைட்ராக்சைடே கிடையாது, அதைக் காரம் என்று சொல்ல அந்த வரையறையில் வழியில்லை. அதனால் உப்பும் நீரும் வினைபுரிந்து பழைய அமிலமும் பழைய காரமும் மீண்டும் உருவாகின்றன, அதாவது நடுநிலையாக்கல் பின்னோக்கி நடக்கிறது என்று எழுதினார்கள். தாளில் அந்தச் சமன்பாட்டைப் பார்த்தால் உப்பு உடைவது போலத்தான் தெரியும். 1923இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தின் லவ்ரியும் தனித்தனியாக வேறு வரையறை கொடுத்தார்கள். புரோட்டானைத் தருவது அமிலம், வாங்குவது காரம். இதன்படி அசிட்டேட் அயனியே ஒரு காரம், அம்மோனியம் அயனியே ஓர் அமிலம். உப்புக்கென்று தனியாக ஒரு வினைப்பெயரே தேவையில்லாமல் போனது. ஆனாலும் பெயர் பாடத்திட்டத்தில் தங்கிவிட்டது, தேர்விலும் கேட்கிறார்கள். சரி, இருக்கட்டும். பழைய வீட்டு எண் போல, முகவரி கண்டுபிடிக்க உதவுகிறது.

எந்த உப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல, அது எந்த அமிலத்திலிருந்தும் எந்தக் காரத்திலிருந்தும் வந்தது என்று பார்க்க வேண்டும். எது வலியதோ அதன் பக்கம் சாயும் என்பது வகுப்பறை வாய்பாடு. வாய்பாடு சரிதான், ஆனால் காரணத்தை மறைத்துவிடுகிறது. வினைபுரிவது வலியதன் மிச்சம் அல்ல, மெலியதன் மிச்சம். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் போன்ற வலிமை மிகுந்த அமிலங்கள் புரோட்டானை முழுசாகக் கைவிட்டவை. அவற்றின் எதிரயனிக்குப் புரோட்டானைத் திரும்ப வாங்கும் ஆசையே இல்லை. சோடியம், பொட்டாசியம் அயனிகளும் அப்படித்தான், நீரை ஒன்றும் செய்யாமல் நிற்கும். எனவே சோடியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட் எனும் வெடியுப்பு, இவற்றின் கரைசல்கள் நடுநிலை. அசிட்டிக் அமிலம் புரோட்டானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வகை. அதன் அயனிக்கு அந்தப் பிடிப்பு மிச்சமிருக்கிறது, நீரிடம் போய்ப் பிடுங்குகிறது. அம்மோனியா மெலிந்த காரம், அதனால் அம்மோனியம் அயனிகளில் சில தம் புரோட்டானை நீருக்குக் கொடுத்துவிடும், கரைசல் அமிலமாகும்.

இந்த வினையின் அளவைப் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. 25 டிகிரி செல்சியஸில் 0.1 மோலார் சோடியம் அசிட்டேட் கரைசலின் பிஎச் 8.9 அளவில் இருக்கும் (7 என்றால் நடுநிலை, மேலே போனால் காரம், கீழே போனால் அமிலம்). இதற்கு, பத்தாயிரம் அசிட்டேட் அயனிகளில் ஒன்றுகூட முழுசாக வினைபுரியத் தேவையில்லை. அதே செறிவில் அம்மோனியம் குளோரைடு 5.1 காட்டும். சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், வேறு ரகம். கார்பனேட் அயனிகளில் நூற்றுக்கு நான்கைந்து புரோட்டானைப் பிடித்துவிடும், பிஎச் 11.6க்கு ஏறும். ஈரக் கையில் அது வழுவழுவென்று இருப்பதும், மஞ்சள் தூள் அதில் பட்டால் கருஞ்சிவப்பாவதும் இதனால்தான்.

இரண்டு பெற்றோரும் மெலிந்திருந்தால் வாய்பாடு உதவாது, எண்களைத்தான் பார்க்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி, அதாவது அது எந்த அளவு அயனியாகப் பிரியும் என்று காட்டும் எண், 1.8 × 10⁻⁵, அம்மோனியாவினதும் ஏறத்தாழ அதே 1.8 × 10⁻⁵. எனவே அம்மோனியம் அசிட்டேட் கரைசல் 7க்கு வந்து நிற்கிறது. அங்கே நீராற்பகுப்பு நடக்காமல் இல்லை, இரண்டு பக்கமும் சமமாக நடக்கிறது. அம்மோனியம் சயனைடில் அமிலப் பக்கம் மிகவும் மெலிந்தது, ஆகவே கரைசல் காரம். இந்த 7ஐயும் கல்வெட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீர் சூடாகச் சூடாக அதன் அயனிப் பெருக்கம் (அதிலுள்ள ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிச் செறிவுகளின் பெருக்கற்பலன்) கூடும், 60 டிகிரியில் நடுநிலைப் புள்ளியே 6.5க்கு இறங்கிவிடும்.

இனி நம் நாட்டு வழக்கில் இருக்கும் பெயர்கள். எனக்கு இதில் சுவையானது படிகாரம்தான். சீனக்காரம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. இரண்டு பெயரிலும் காரம் இருக்கிறது, கரைசலோ பிஎச் 3 முதல் 4 வரை போகும் சுத்தமான அமிலம். காரணம் அதிலுள்ள அலுமினியம் அயனி. சின்ன உருவம், மூன்று நேர்மின்சுமை, சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள். அந்த நீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களை அலுமினியம் தன் பக்கம் இழுக்க, ஒரு மூலக்கூறின் பிடி தளர்ந்து புரோட்டான் வெளியேறுகிறது. கலங்கல் நீரில் படிகாரக் கட்டியை நான்கு சுற்றுச் சுற்றினால் நீர் தெளிவதும் இதன் தொடர்ச்சிதான். பகுப்பு மேலும் நடந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழாகப் பிரிகிறது. கூழில் சேறு ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். வாய்பாட்டில் அலுமினியம் ஹைட்ராக்சைடு மெலிந்த காரம், சல்பூரிக் அமிலம் வலியது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் இந்தக் கூழ் அந்த வரியில் தெரியாது.

அப்படியானால் படிகாரம் என்ற பெயர் பொய்யா? இல்லை. காரம் என்ற சொல்லின் பொருள்தான் பின்னாளில் சுருங்கியது. வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்த காரம், முதலில் செடிகொடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்த அரிக்கும் உப்புக்கான பெயர். அரபு மொழியின் அல்காலியும் சாம்பலைக் குறித்த சொல்தான். சித்த மருத்துவத்தில் காரசாரம் என்று ஒரு வகையே உண்டு, நாக்கையும் தோலையும் பிடிக்கும் கனிம உப்புகள் பலவும் அதில் அடங்கும். அமிலமா காரமா என்று லிட்மஸ் வைத்துப் பிரிக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அதனால் ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரமும் சாரம் என்ற பெயரோடு இருக்கிறது. அது அம்மோனியம் குளோரைடு, கரைத்தால் அமிலம். பொற்கொல்லரின் வெங்காரம், அதாவது போராக்ஸ், பெயருக்கேற்ற பொருள், அதன் கரைசல் 9.2 காட்டும். சவுக்காரமும் அப்படியே. கொழுப்பமிலம் மெலிந்தது, காஸ்டிக் சோடா வலியது, இரண்டின் உப்பான சோப்பு நீரில் காரமாகத்தான் இருக்கும்.

பாடநூல் தானே வைத்த பெயரிலும் இப்படி ஒரு வழுக்கல் இருக்கிறது. ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 'அமில உப்பு' என்று வகைப்படுத்தப்படுகிறது. அதில் நீக்கக்கூடிய ஹைட்ரஜன் ஒன்று மிச்சமிருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தப் பெயர். கரைசலின் பிஎச் 8.3. ஆனால் சோடியம் பைசல்பேட்டும் அமில உப்புதான், அதன் கரைசல் உண்மையிலேயே அமிலம். 'அமில உப்பு' வேறு, 'அமிலத்தன்மையுள்ள உப்புக்கரைசல்' வேறு என்பதை ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் நல்லது.

நடுநிலையாக்கல் என்ற சொல்லும் இதே கோளாறு செய்யும். வினிகரில் உள்ள அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம் பார்க்கும்போது, இரண்டும் சரிக்குச் சரி தீரும் புள்ளியில் பிஎச் 7 இருக்காது. 0.1 மோலார் கரைசல்களை எடுத்தால் 8.7 இருக்கும், அந்த நேரத்தில் குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட்தானே. அதனால்தான் 8.3க்கு மேல் நிறம் மாறும் நிறங்காட்டியான பினாப்தலீனை விடுகிறோம். 4.4க்குள் நிறம் மாறி முடித்துவிடும் மெத்தில் ஆரஞ்சை விட்டால் முடிவு வருவதற்கு வெகு முன்பே ஏமாந்துவிடுவோம். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது.

லிட்மஸ் இல்லாமலேயே இந்த வேறுபாட்டைப் பிரித்து வைத்தவர்கள் உழவர்கள். உவர் நிலம், களர் நிலம் என்று தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, வேளாண் துறையும் இன்றுவரை அந்த வேறுபாட்டோடுதான் இவற்றை எழுதுகிறது. உவர் மண்ணில் உப்பு பூத்துக் கிடக்கும், பெரும்பாலும் குளோரைடு, சல்பேட் உப்புகள். இவை நீரைப் பகுக்காத வகை, அதனால் பிஎச் 8.5க்குள் நிற்கும், நல்ல நீரைத் தேக்கி வடித்தால் போய்விடும். களர் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கும், அதோடு சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து பிஎச்சை 8.5க்கு மேல் தூக்கிவிடும். மண் இறுகி நீர் இறங்காது. அங்கே வெறும் நீரால் பயனில்லை, ஜிப்சம் போட்டுச் சோடியத்தை இடம்பெயர்த்த பிறகுதான் வடிக்க வேண்டும். இரண்டையும் 'உப்பு மண்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் மருந்தும் மாறிப்போகும்.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? தமிழகப் பாடநூல் வழக்கு நீராற்பகுப்பு, நீராற்பகுத்தல். இலங்கைப் பாடநூல் வழக்கு நீர்ப்பகுப்பு. மாவுப்பொருள், எஸ்டர், புரதம் ஆகியவற்றுக்கு நீராற்பகுப்பே பொருத்தம், நீர்தான் அங்கே கத்தி. உப்புக்கு மட்டும் என் ஓட்டு நீர்ப்பகுப்புக்கு. அதில் வேற்றுமை உருபு மறைந்திருப்பதால் நீரால் பகுத்தல் என்றும் விரிக்கலாம், நீரைப் பகுத்தல் என்றும் விரிக்கலாம். இரண்டாவதுதான் உண்மையில் நடப்பது. அமிலத்துக்கும் காரத்துக்கும் கூட இலங்கை வழக்கு வேறு. வலிமை மிகுந்த அமிலம், வலிமை குறைந்த அமிலம் என்று நாம் நீட்டுவதை அவர்கள் வன்னமிலம், மென்னமிலம் என்று முடித்துவிடுகிறார்கள். நாம் காரம் என்பது அங்கே மூலம். நீரில் கரையும் மூலத்துக்கு மட்டும் காரம் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள், நாம் அதை எரிகாரம் என்கிறோம். இரு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் குழம்பிப்போவார்கள்.

நீராற்பகுப்பை நீரேற்றத்தோடு சேர்த்துவிடக் கூடாது. மயில்துத்தத்தின் (காப்பர் சல்பேட்) நீலப் படிகத்தில் ஐந்து நீர் மூலக்கூறுகள் உடையாமல் முழுசாக உட்கார்ந்திருப்பது நீரேற்றம், அங்கே எதுவும் பகுபடவில்லை. எழுதும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து 'நீராற்பகுப்பு' என்று எழுத வேண்டும். 'நீறாற்பகுப்பு' என்று றகரம் போட்டு எழுதிவிட்டால் பொருள் சாம்பலால் பகுத்தல் என்று போய்விடும்.