"நிலையான சுற்றுலா"ன்னா என்னங்க அது?

காலநிலை மாற்றம், சுற்றுலா பத்தி தமிழ்ல வர்ற ஆய்வுக் கட்டுரை, கருத்தரங்க அழைப்பிதழ் எதைப் பிரிச்சாலும் சஸ்டெய்னபிள் டூரிசத்தை "நிலையான சுற்றுலா"ன்னு போட்டு வச்சிருக்காங்க. நிலையான வைப்புன்னா ஃபிக்சட் டெபாசிட், அப்ப நிலையான சுற்றுலான்னா போன எடத்துலயே உக்காந்துக்கறதா?

சஸ்டெய்னபிளோட மூலச்சொல் லத்தீன், கீழேருந்து தாங்கிப் பிடிக்கறதுன்னு அர்த்தம். இன்னிக்கு நாம சொல்ற அர்த்தம் காட்டுலேருந்து வந்தது. 1713ல ஜெர்மனியில கார்லோவிட்ஸ்ங்கற சுரங்க அதிகாரி, தாது உருக்கற உலைக்கு வெட்டி வெட்டி மரம் தீருதேன்னு, வெட்டறதுக்கு ஈடா வளர்க்கணும்னு எழுதினார். 1987ல ஐ.நா. ஆணையத்தோட புருண்ட்லாண்ட் அறிக்கை அதை உலகம் பூரா பரப்புச்சு. அவ்ளோதான் வரலாறு.

ஆக, பேச்சே வளம் தீராம பாத்துக்கறது பத்திதான், தொழில் நிலையா ஓடுறது பத்தி இல்ல. கனடாவுல ஹட்சன் விரிகுடா ஓரமா சர்ச்சில்னு ஒரு ஊர், பனிக்கரடி அழியறதுக்குள்ள பாத்துடணும்னு ஜனங்க ஃப்ளைட் புடிச்சுப் போறாங்க, அந்தப் பயணத்தோட கார்பனை 2010ல ஆய்வாளருங்க கணக்குப் போட்டப்ப பெரும்பங்கு ஊர் போய்ச் சேர்ற விமானத்துலதான் வந்துச்சு. வருஷா வருஷம் கூட்டம் வருது, அப்ப வியாபாரம் நிலையானது, உருகுறது கடல்பனிதான். "நிலையான சுற்றுலா"ங்கற சொல்லு இதுக்குக் கச்சிதமா பொருந்துது பாருங்க, அதான் என் எரிச்சலே! 2018ல வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகத்தோட பசுங்குடில் வாயு உமிழ்வுல சுமார் 8 சதவீதம் சுற்றுலாவாலன்னு சொல்லிருக்கு, இதைப் போயி நிலையா வச்சுக்கணுமா?

"பசுமைச் சுற்றுலா"வா, அது ரிசார்ட்காரங்க நோட்டீஸுக்குத்தான் லாயக்கு, பிளாஸ்டிக் ஸ்ட்ராவ எடுத்துட்டா பசுமையாம். இலங்கையில "பேண்தகு"ங்கறாங்க, காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா பேணத் தக்கதுன்னா எது, சுற்றுலாவா? மறுபடியும் தொழிலைத்தான் காப்பாத்துறோம்.

என் ஓட்டு "வளங்குன்றாச் சுற்றுலா"வுக்கு. வளங்குன்றா வளர்ச்சின்னு ஏற்கெனவே புழங்குற சொல்லுதான். "கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை"ன்னு 736வது குறள்லயே இருக்கு. வான்சிறப்புல "வாரி வளங்குன்றிக் கால்"னு மழை பொய்க்கறதுக்கும் அதே வினைதான். வளம்னா காடு, தண்ணி மட்டும் இல்ல, அந்த ஊர்க்காரங்க பொழப்பும் வளந்தான்.

மொழிபெயர்க்கறவங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். ஸ்டேபிள், ஃபிக்சட், பெர்மனன்ட், ஸ்டாட்டிக், சஸ்டெய்னபிள் அஞ்சுக்கும் "நிலையான"தானா? ஒரே வரியில "நிலையான வருமானம் தரும் நிலையான சுற்றுலா"ன்னு எழுதிட்டு அதைத் திரும்பப் படிச்சே பாக்கறதில்ல போல. பெயர்ச்சொல்லா வேணும்னா "வளங்குன்றாமை"ன்னு போடுங்க, "நிலைத்தன்மை"ய ஸ்டெபிலிட்டிக்கு விட்டுடுங்க.