சத்தத்தால் செய்த கதவு

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மாமா ஓடின யமஹா ஆர்எக்ஸ் 100 பத்து வருசமா மாட்டுக் கொட்டிலுக்குள்ள கிடந்தது. இப்ப எடுத்துத் திருத்திறன். சைலன்சரைப் பாதியில வெட்டிவிட்டா இழுவை கூடும் எண்டு சொல்லினம். வெட்டலாமோ அண்ணை?"

வெட்ட வேண்டாம் தம்பி. டூ ஸ்ட்ரோக் (ஈரடிப்பு) வண்டியில் சைலன்சர் என்பது எஞ்சினுக்குப் பின்னால் தொங்கும் புகைக்குழாய் மட்டுமில்லை. அது எஞ்சினின் ஒரு பாகம். நான்கடிப்பு எஞ்சினில் வால்வு செய்கிற வேலையில் ஒரு பங்கை இங்கே அந்தக் குழாய் செய்கிறது. அதுவும் இரும்பால் இல்லை, சத்தத்தால் செய்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எஞ்சின் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பத்து வருடம் கிடந்த வண்டியை எடுத்தவுடன் கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டுப் பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினால் பிஸ்டனில் உராய்ந்த கோடுகள் தெரியும். ஆழமாக இருந்தால் லேத்தில் கொடுத்துச் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் கூடிய பிஸ்டனும் றிங்கும் போட வேண்டும். கிராங்கின் இரு பக்கத்து ஒயில் சீல்களையும் யோசிக்காமல் மாற்றுங்கள். றப்பர் இறுகிப்போனால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும், காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையில் பெற்றோல் குறையும், எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். இதெல்லாம் நம் ஊர்க் கராஜ்களில் நன்றாகத் தெரிந்த வேலை.

சரி, குழாய்க்கு வருவோம்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இறங்கும்போது முதலில் புகை போகும் துவாரம் திறக்கிறது. கொஞ்சம் கழித்துப் புதிய கலவை வரும் துவாரங்கள் திறக்கின்றன. ஏறும்போது இந்த வரிசை திரும்புகிறது: கலவை வரும் வழி முதலில் மூடும், புகை போகும் வழி கடைசியில்தான் மூடும். சிக்கல் இங்கேதான். கலவை வந்து முடிந்துவிட்டது, ஆனால் வெளிக்கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. பிஸ்டன் ஏற ஏற, எரியாத பெற்றோல் புகைவழியாகத் தப்பிவிடும். அந்தக் கதவுக்கு வால்வு கிடையாது. பிறகு யார் மூடுவது?

நல்லூர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில் சனம் நெருக்கமாக நடந்து போகிறது. ஒழுங்கை முடிந்து அகன்ற வீதி வந்ததும் முன்னால் நிற்பவர்கள் சட்டென்று விரிந்து நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இடம் கிடைக்கிறது. அடுத்தவர் அந்த இடத்துக்கு எட்டிப் போடுகிறார், அவருக்குப் பின்னால் இடம் கிடைக்கிறது. சனம் முழுவதும் முன்னால்தான் போகிறது, ஆனால் அந்த "இடைவெளி" மட்டும் பின்னால் ஓடி வருகிறது. ஒழுங்கையின் தொடக்கத்தில் நிற்கும் உங்களையும் அது வந்து முன்னால் இழுக்கும். இப்போது வீதியின் மறுபுறம் வாசலைப் பாதி சாத்திவிட்டார்கள் என்று வையுங்கள். முன்னால் நிற்பவர் நின்றுவிடுவார், பின்னால் வருபவர் அவர்மேல் முட்டுவார். இந்தமுறை பின்னால் ஓடி வருவது நெருக்கம். அது வந்து உங்களைப் பின்னால் தள்ளும்.

குழாய்க்குள் அமுக்க அலைக்கு நடப்பது இதுதான். பாடசாலையில் தெறிப்பு என்று படித்தோமே, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழாய் அகலும் இடத்தில் தெறிக்கும் அலை தலைகீழாகத் திரும்பும், அதாவது தள்ளும் அலை போய் உறிஞ்சும் அலையாக வரும். குழாய் ஒடுங்கும் இடத்தில் தள்ளும் அலை தள்ளும் அலையாகவே திரும்பும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிறார்களே, வயிறு பருத்த அந்தச் சைலன்சர், அது இந்த இரண்டு தெறிப்பையும் வரிசையாக வைத்துச் செய்தது. முதலில் ஒரு விரியும் கூம்பு, நடுவில் வயிறு, பிறகு ஒரு ஒடுங்கும் கூம்பு, கடைசியில் சிறிய வால். சாதாரண ரோட்டு வண்டிகளில் வெளித்தகடு நேர் உருளையாகத் தெரியும். உள்ளே கூம்புகள் ஒளிந்திருக்கும்.

இனிக் கணக்கு. இதுதான் எனக்குப் பிடித்த இடம். ஆர்எக்ஸ் 100 தன் முழு வலுவான 11 குதிரைவலுவைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அப்படியென்றால் செக்கனுக்கு 125 சுற்று, ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கன். புகைத் துவாரம் ஏறக்குறைய அரைச் சுற்றுக்குத் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் 4 மில்லிசெக்கன். கலவை வரும் துவாரங்கள் அதன் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு சுற்றுக்குத் திறந்திருக்கும். புகைத் துவாரம் திறந்ததிலிருந்து ஏறக்குறைய 3.3 மில்லிசெக்கனில் அவை மூடிவிடும். 3.3-இலிருந்து 4 வரை, இந்த 0.7 மில்லிசெக்கன்தான் களவு போகும் நேரம்.

சாதாரணக் காற்றில் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் ஓடும். சூடான புகைக்குள் அது 500 மீற்றரைத் தொடும். ஆகவே 3.3 மில்லிசெக்கனில் அலை 1.65 மீற்றர் ஓடும், 4 மில்லிசெக்கனில் 2 மீற்றர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பாதியாக்குங்கள். துவாரத்திலிருந்து 83 முதல் 100 சென்ரிமீற்றருக்குள் ஒடுங்கும் கூம்பு இருந்தால், அதில் பட்ட அலை சரியாக அந்த 0.7 மில்லிசெக்கனுக்குள் வாசலுக்குத் திரும்பி வரும். துவாரம் திறந்த கணத்தில் "டப்" என்று பாய்ந்து போன அதே சத்தம், ஒரு மீற்றர் போய்த் திரும்பி, தப்பி ஓடும் பெற்றோலை வாசலிலேயே மறித்து உள்ளே தள்ளுகிறது. அதற்கு முன்னரே விரியும் கூம்பு அனுப்பிய உறிஞ்சும் அலை வந்து, மிஞ்சிய புகையை இழுத்தெடுத்துப் புதிய கலவைக்கு இடம் செய்து வைத்திருக்கும். முதலில் இழுவை, பிறகு தள்ளல். இந்த வரிசை செக்கனுக்கு 125 தடவை நடக்கிறது, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல்.

இதை அளந்து பார்த்துக் கலையாக்கியவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் ட்சோபாவ் என்ற சிறு நகரில் எம்இசட் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை 1950களில் நடத்தியவர். குழாயில் அலைகள் திரும்பி வரும் என்பது அவருக்கு முன்னரே பலருக்குத் தெரியும். அவர் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஒஸிலஸ்கோப்பை வைத்து அந்த அலைகளைக் கண்ணால் பார்த்தார், கூம்புகளை மாற்றி மாற்றிச் செய்தார். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைவலு கொடுத்தது. எஞ்சின் கொள்ளளவில் லீற்றருக்கு 200 குதிரைவலு. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ ஏதும் இல்லாத ஒரு எஞ்சின் அந்த எல்லையைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்பார்கள். அதே ஆண்டில் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடனில் நடந்த பந்தயத்தோடு மேற்கு நாடுகளுக்குத் தப்பிப் போனார். சுசுக்கியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு 1962-இல் சுசுக்கி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. காடனின் அறிவு டெக்னரின் தலைக்குள் இருந்தபடியே சுசுக்கிக்குப் போனது.

பணமும் பொருளும் தட்டுப்பாடாக இருந்த ஒரு தொழிற்சாலையில் இது நடந்தது என்பதை நான் அடிக்கடி நினைப்பேன். தட்டுப்பாடு நமக்குப் புதிதா? பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓடிய ஊர் இது. கை வேலையிலும் மூளையிலும் நம் மெக்கானிக்மார் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அளந்து பார்க்கக் கருவிதான் இல்லை. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. அங்கே ஒரு சிறு பரிசோதனை மேடையும் ஒரு அமுக்க உணரியும் வைத்து, மாதத்தில் ஒரு நாள் கராஜ்காரருக்குத் திறந்துவிட்டால் போதும். ஆராய்ச்சிப் பணம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்கும் பழக்கம் மாற வேண்டும் என்பது என் எண்ணம். சத்தம் கூடினால் வலு கூடும் என்ற மூடநம்பிக்கை ஒரே பின்னேரத்தில் அங்கே தீர்ந்துவிடும்.

அந்த நம்பிக்கைக்கு நானும் ஒரு முறை காசு கொடுத்திருக்கிறேன். என் பழைய வண்டியின் சைலன்சரை ஒரு கராஜில் வெட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குள் இரைச்சலைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் பண்ணைப் பாலத்தில் ஏறினேன். சோளகக் காற்று எதிரே அடித்தது. மூன்றாம் கியரில் அக்சிலேற்றரை முழுவதும் முறுக்கியும் வண்டி ஊர்ந்தது. பின்னால் பாண் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் என்னோடு சமமாக வந்தார். ஒடுங்கும் கூம்பு போய்விட்டது, ஆகவே திரும்பித் தள்ளும் அலையும் இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய பெற்றோலில் ஒரு பங்கு எரியாமலே கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

பந்தயக் குழாய் வாங்கிப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அலை ஓட எடுக்கும் நேரம் அநேகமாக மாறாது, ஆனால் துவாரம் திறந்திருக்கும் நேரம் சுற்றுவேகத்தோடு மாறும். அதனால் ஒரு குழாய் ஒரு வேகத்துக்குத்தான் முழுதாகப் பொருந்தும். 10,000 சுற்றுக்குச் செய்த குட்டைக் குழாயில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் ஊர்ந்து போகும் வேகத்தில் அலை நேரத்துக்கு முன்பே வந்துவிடும். வண்டி தடுமாறும், பிறகு திடீரென்று பாயும். அப்படி மாற்றினால் காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டையும் பார்க்க வேண்டும். பிளக்கின் முனை வெளிறி இருந்தால் பெற்றோல் போதவில்லை. நல்ல கோப்பி நிறத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு முதலில் தேவை துப்புரவு. மாமா மண்ணெண்ணெயில் ஓடியிருந்தால் கரி இன்னும் மோசமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் புகைத் துவாரத்துக் கரியைச் சுரண்ட ஸ்குறூ டிரைவரைத் தொடவே மாட்டார். பனஞ்சிலாகை ஒன்றைச் சீவி உளி போலாக்கி வைத்திருப்பார். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, துவாரத்தின் விளிம்பைச் சுற்றி அந்தச் சிலாகையால் வழிப்பார். கரி கறுப்புச் செதிலாகக் கழன்று விழும், அலுமினியத்தில் ஒரு கீறல் விழாது. விளிம்பு தெளிவாக இருந்தால்தான் துவாரம் உரிய கணத்தில் திறக்கும், மூடும்.

சைலன்சருக்குள் இருக்கும் கரிக்குக் காஸ்டிக் சோடா. வால் பக்கத்தில் சத்தத்தைக் குறைக்கும் உட்குழாயான பாஃபிளைக் கழற்றி, ஒரு முனையை இறுக அடைத்து, கரைசலை ஊற்றி ஒரு இரவு விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீருக்குள்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இரும்புக் குழாய்க்கு மட்டும்தான் இது, சிலிண்டர் ஹெட் போன்ற அலுமினியப் பாகத்தைச் சோடா தின்றுவிடும். நெருப்பில் போட்டுச் சுடும் பழைய வழியில் குரோம் போய்விடும், நம் உப்புக் காற்றில் அடுத்த மாரிக்குள் துரு பிடிக்கும். பிறகு ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற ஜப்பானியத் தரக் குறியை ரின்னில் போட்ட ஒயிலைப் பாவியுங்கள், கரியும் புகையும் குறைவு.

தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டலாம். ஆனால் வெல்டிங் கடைக்குக் கொண்டு போக முன், துவாரத்திலிருந்து வெளியே தெரியும் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தை நூலால் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஒட்டிக் கொண்டுவந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு விரற்கடை வித்தியாசம் பரவாயில்லை. ஒரு சாண் குறைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.