1.2 மீட்டர் ஆழம், கண்ணுக்கு 90 சென்டிமீட்டர்

ஜூன் விடுமுறை வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி குளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். "நெஞ்சளவுதான் சார்" என்றபடி, நான் தடுப்பதற்குள் குதித்துவிட்டாள். தண்ணீர் தலையை மூடியது. கையெட்டும் தூரத்தில் இருந்ததால் உடனே தூக்கிவிட்டேன். இருமி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "தரை இங்கேதானே இருந்தது?"

அவள் கணக்கில் தவறில்லை. சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். இதே ஏமாற்றத்தைப் பெரியவர்களிடமும் பார்த்திருக்கிறேன். 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தை நேர் மேலிருந்து பார்த்தால் 90 சென்டிமீட்டர்போல்தான் தெரியும். விளிம்பிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு.

காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, தண்ணீருக்குள் 2.25 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சந்தைத் தள்ளுவண்டியை வைத்துச் சொல்வேன். புல்தரையிலிருந்து அடுக்குமாடி புளோக்கின் சிமெண்டுத் தரைக்கு வண்டியைச் சாய்வாகத் தள்ளுங்கள். முதலில் சிமெண்டைத் தொடும் சக்கரம் வேகமெடுக்கும், மற்றது புல்லிலேயே திணறும், வண்டி திரும்பிக்கொள்ளும். தண்ணீரைவிட்டு வெளியே வரும் ஒளியும் அப்படித்தான் வளைகிறது. நம் கண்ணோ, ஒளி நேராகவே வந்தது என்று நம்பி, தரையை மேலே தூக்கி வைத்துவிடுகிறது.

வீட்டிலேயே காட்டலாம். எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் 20 காசு ஒன்றைப் போடுங்கள். காசு விளிம்புக்குப் பின்னால் மறையும்வரை பிள்ளையைப் பின்னால் நகரச் சொல்லுங்கள். பிள்ளை அசையாமல் நிற்க, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மறைந்த காசு மேலேறி வரும். அதைப் பார்த்த பிள்ளை, குளத்தில் இறங்குமுன் விளிம்பில் எழுதியிருக்கும் ஆழ அளவைத் தேடிப் படிக்கும். முதல் வகுப்பில் கையசைக்கக் கற்பிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுகிறேன்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நேர் மேலிருந்து விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டைத்தான் தண்ணீர் திருப்பி அனுப்புகிறது. சாய்வு கூடக்கூட அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேற்குப் பார்த்த நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு வெயிலின் பளபளப்புத்தான் தெரியும், அடியில் இருக்கும் பிள்ளை தெரியாது. நானே ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். என் மாணவர்கள் நால்வரில் இருவரைக் காணவில்லை. எழுந்து விளிம்புக்கு வந்ததும் இருவரும் தெரிந்தார்கள். தயவுசெய்து சூரியனுக்கு முதுகு காட்டி, தண்ணீருக்கு அருகில், நின்றபடி பாருங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

நீச்சலுடையின் நிறத்தையும் கவனியுங்கள். நம் குளங்கள் பலவற்றில் வெளிர்நீல ஓடுகள். வெளிர்நீல உடையும் வெள்ளை உடையும் அந்தத் தரையோடும் அலையின் மினுமினுப்போடும் கலந்துவிடும். அன்று குதித்த சிறுமி போட்டிருந்தது வெளிர்நீலம்தான். அடுத்த வாரம் அவள் அப்பா பளிச்சென்ற ஆரஞ்சு உடையில் அழைத்து வந்தார். இப்போது அவள் மூழ்கிப் போகும் வழியெல்லாம் எதிர்க்கரையிலிருந்தே என் கண்ணுக்குத் தெரிகிறது.