கரிப்பூட்டையைத் தாங்கும் கரும்பு எப்படி உருவாகிறது?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டோங்காட் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சாட்டை கிளம்பிய தூரையெல்லாம் தோண்டி எறிந்தோம். வெட்டிய கட்டையிலிருந்து தழையும் மறுதாம்பிலும் வருகிறதே, ரகத்தை மாற்றினால்தான் தீருமா?"

ஆமாம், ரகம்தான் நிலையான மருந்து. உலகில் கரிப்பூட்டை நோய் முதலில் பதிவானதே நம் நேட்டாலில்தான், 1877இல்.

கரும்பின் நுனியில் வளைந்து நீளும் அந்தக் கறுப்புச் சாட்டை முழுக்கப் பூசண வித்துகள். மேலே போர்த்திய வெள்ளித் தோல் கிழிந்ததும் கோடிக்கணக்கில் காற்றில் பறக்கும். ஆனால் கரும்பின் பருவில், அதாவது கணுவில் இருக்கும் முளைமொட்டில், விழுந்த வித்து உடனே நோயாகிவிடாது. அது முளைத்து, ஈஸ்ட் மாதிரியான நுண்ணணுக்களைப் பிரிக்கிறது. அவற்றில் இரண்டு வகை. எந்த வகையும் தனித்துக் கரும்பைத் துளைக்க முடியாது. எதிரெதிர் வகை இரண்டும் பருவின் மேலேயே சந்தித்து இணைந்தால்தான் துளைக்கும் இழை பிறக்கும். இத்தனை சிறிய உயிருக்கு இப்படியொரு நிபந்தனை இருப்பது என்னைத் திரும்பத் திரும்ப வியக்கவைக்கிறது. பிறந்த இழை பருச்செதில்களின் அடிவழியே வளர்நுனியை எட்ட வேண்டும். செதில்கள் இறுக்கமாக மூடியிருந்து, முளைப்பை அடக்கும் வேதிப்பொருளும் கொண்டிருந்தால் அது வெளியிலேயே நின்றுவிடும். நுழைந்துவிட்டாலும், செல்சுவரில் லிக்னின் என்ற கட்டைப்பொருளைப் படியவைத்து வழிமறிக்கும் ரகங்கள் உண்டு.

அதனால் சோதனையும் இரண்டு. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம் வித்து கலந்த நீரில் விதைக்கரணைகளை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டுகளை) பத்து நிமிடத்துக்குக் குறையாமல் முக்கி நட்டால், வெளித்தடை, உள்தடை இரண்டும் சேர்ந்து தெரியும். பருவை ஊசியால் குத்தி வித்துநீரைத் தடவினால் உள்தடை மட்டும். வித்து பழசாகி முளைப்புத் திறன் போயிருந்தால் எல்லா ரகமும் நல்ல ரகமாகத் தோன்றி ஏமாற்றும். எனவே முதலில் அகர் தட்டில் முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். எளிதில் நோய் வாங்கும் ரகம் ஒன்றையும் பக்கத்தில் நட வேண்டும். அதில் சாட்டை வராவிட்டால் சோதனையே செல்லாது.

புது ரகத்துக்காக இரண்டு கரும்புகளைக் கலப்பதுதான் நேட்டாலில் கடினம். இரவுக் குளிரில் மகரந்தம் மலடாகிவிடும். அதனால்தான் கோயம்புத்தூரில் கலந்த விதையை வரவழைத்து, நேட்டாலின் மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆராய்ச்சி நிலையத்தில் முளைக்கவைத்துத் தேர்ந்தார்கள். 1945இல் வந்த என்கோ 310, 1955இல் வந்த என்கோ 376 ஆகிய ரகங்கள் இரண்டும் அப்படிப் பிறந்தவை. விளைச்சலில் கொடிகட்டிய 310 கரிப்பூட்டையிடம் தோற்றது. இப்போது சூடேற்றிய கண்ணாடி வீட்டில் பகல் நீளத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பூக்கவைக்கிறார்கள். மகரந்தத்தில் அயோடின் விட்டால் கருநீலமாக வேண்டும். நிறம் ஏறாத கதிர் தாயாக மட்டுமே உதவும்.

நாற்றிலிருந்து வயலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஆராய்ச்சிப் பணத்தை இடையில் நிறுத்தினால் அத்தனை ஆண்டும் வீண். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

புது ரகம் நடும்வரை, சாட்டையை முதலில் பைக்குள் மூடி, பிறகே வெட்டுங்கள். மூடாமல் தோண்டினால் வித்து பக்கத்துத் தூருக்கெல்லாம் போய்விடும். உங்கள் மறுதாம்பில் நோய் திரும்ப இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விதைக்கரணையை 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைத்து நடுங்கள். வெப்பம் அதற்கு மேல் ஏறினால் பரு அவிந்துவிடலாம். குறைந்தால் பூசணம் பிழைத்துக்கொள்ளும்.